சுரத்மியின் பெட்டிக்குள் கூவிய புறா

யூ சுரத்மியைப் பறவைத் திருடி என்று பாக் குஸ்னாதி சொன்னபோது, அந்த அம்மா முகத்தில் கோபம் வரும் என்று சந்தே எதிர்பார்த்து நின்றது. வந்தது சிரிப்பு. பல்லைக் காட்டாத சிரிப்பு. வெல்லக்கட்டி ஒன்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, அது கரைந்துவிடக் கூடாதே என்று வாயை மூடியிருப்பவர் மாதிரி.

அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு பகல் முழுவதையும் விலையாகக் கேட்டது. அதைச் சொல்லுமுன் அவரைச் சொல்ல வேண்டும்.

சோலோ நகரின் தெற்கே எங்கள் சந்தில் இலவம்பஞ்சு மெத்தை என்றால் யூ சுரத்மிதான். யூ என்று அக்காவைக் கூப்பிடுவோம், பாக் என்று பெரியவரை, இபு என்று அம்மாவை. தன்னைவிட மூத்தவர்களுக்கும் அவர் யூதான். கடை கிடையாது. வீட்டின் முன்னறையே பட்டறை. கூரை வரை பஞ்சு மூட்டைகள், நடுவே கோடு போட்ட மெத்தைத் துணிச் சுருள், மூலையில் ஊசியும் மெழுகுநூலும். பழைய மெத்தையாக இருந்தால் அவரே வீட்டுக்குப் போவார். படுக்கையறைக்குள் நுழைந்து, மெத்தையைக் கிழித்து, கட்டிதட்டிய பஞ்சை உதறி வெயில் காட்டித் திரும்ப அடைப்பார். மெத்தைக்குள் என்னென்னவோ கிடைக்கும். கம்மல், மோதிரம், ஒருமுறை ஒரு பெரியவரின் பல்செட். எல்லாம் உரியவர் கைக்குப் போய்விடும். பாதிப் பேர் வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். மெத்தைக்காரிக்கு ஊசி இரண்டாவது கருவிதான். முதலாவது நல்ல பெயர்.

அவர் வீட்டை ஒட்டினாற்போல் என் வாடகை அறை. நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தச் சுவர் வழியாகத்தான் ஸ்பீக்கர் கதை முழுவதும் எனக்கு வந்து சேர்ந்தது.

பழைய சாமான் சந்தையிலிருந்து அவர் கணவர் பனிஜோ, மெத்தை ஏற்றும் மூன்றுசக்கர வண்டியில் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து இறக்கினார். இடுப்புயரப் பெட்டிகள். முதல் நாள் குரோஞ்சோங் என்ற பழைய மெட்டுப் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். காங் என்றுதான் யூ சுரத்மி கணவரைக் கூப்பிடுவார்.

"என்ன காங் இது? பாடுற பொம்பள கெணத்துல விழுந்துட்டு உதவிக்குக் கூப்பிடுற மாதிரி இருக்கு."

"விலைக்கு ஏத்த கெணறு. வாளி போட்டு எடுத்துக்கோ."

"பலாப்பழம் வாங்கறப்போ தட்டிப் பாப்பியே. இதைத் தட்டினியா?"

"தட்டினேனே."

"என்ன சொல்லிச்சு?"

"பழுக்கலேன்னுச்சு."

மறுநாள் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கிடந்தன. யூ சுரத்மி விரல் முட்டியால் ஒவ்வொரு பலகையாகத் தட்டிக்கொண்டிருந்தார். 'டொங்' என்று சொல்லும் இடத்தில் சுண்ணாம்புப் புள்ளி. நாற்காலிப் பட்டறையில் கழித்துப் போட்ட தேக்குச் சட்டங்களை வாங்கிவந்து, புள்ளி வைத்த இடங்களில் உள்பக்கமாக ஒட்டினார். எதிரெதிர்ப் பலகைகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ள நடுவே ஒரு கட்டை கொடுத்தார். மூலை இடுக்குகளை மரத்தூளும் பசையும் பிசைந்து அடைத்தார். ஸ்பீக்கர் வளையம் மரத்தில் உட்காரும் இடத்தில் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி வைத்தார். இப்போது தட்டினால் 'டொங்' இல்லை, 'டக்'. ஈரமண்ணில் கொட்டாங்குச்சி விழுந்த சத்தம்.

மேலே இருந்த சின்ன ஸ்பீக்கர், அந்த ட்வீட்டர், 'ஸ்' வரும் இடமெல்லாம் சீறியது. கெப்பாசிட்டரை மாற்றியபின் சீற்றம் பாதியானது. மிச்சப் பாதிக்கு அதைச் சுற்றி மெத்தென்று ஒரு வளையம் ஒட்ட வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை பனிஜோ தொழுகைக்குக் கிளம்பும்போது தன் கறுப்பு வெல்வெட் தொப்பியைத் தேடினார். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பிறகுதான் பஞ்சு. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் பாடுவதையேதான் பின்னாலும் பாடுகிறது. பின்னால் போன பாட்டு பெட்டியின் முதுகில் மோதித் திரும்பி, அந்த மெல்லிய காகிதத்தைக் கடந்து, கொஞ்சம் பிந்தி வெளியே வருகிறது. ஒரே சொல்லை இரண்டு பேர் முன்னும் பின்னுமாகச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்தக் கிணற்றுச் சத்தத்தின் ஒரு பங்கு அதுதான். பின்னால் போகிற பாட்டைத் தூங்கவைக்க வேண்டும். தூங்கவைப்பது யூ சுரத்மியின் தொழில்.

முதலில் மெத்தைக்கு அடைப்பது போல் அழுத்தி அடைத்தார். பாடகி தலையணையில் முகம் புதைத்துவிட்டாள். கைப்பிடி கைப்பிடியாக எடுத்தார். தலையணைப் பதம் வந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்து உதறி, நார் நாராகப் பிரித்துப் போட்டார். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு வைக்கும் தலையணைப் பதம். பாட்டு கண்ணைத் திறந்தது.

ஆனால் தவில் போன்ற அந்தக் கெண்டாங் மேளம் முழங்கும்போதெல்லாம் பெட்டியின் காற்றுப் பொந்திலிருந்து பஞ்சு புறப்பட்டு வந்தது. எதிரே உட்கார்ந்து கேட்டவர்கள் நரைத்த தலையோடு வீட்டுக்குப் போனார்கள். உள்ளே ஒரு பழைய காலுறையைக் கட்டி அதை நிறுத்தினார். அடுத்து, தாழ்ந்த சுருதி வரும்போது மட்டும் 'கிர்' என்று ஒரு சத்தம். ஸ்க்ரூவை எல்லாம் முறுக்கிப் பார்த்தார், வயரை மாற்றினார், பனிஜோவைத் திட்டினார். கடைசியில் மொத்தப் பஞ்சையும் வெளியே எடுத்து, அரிசியில் கல் பார்ப்பது போலப் பார்த்ததில் அகப்பட்டது ஒரே ஒரு இலவ விதை. தன் தொழிலிலேயே பிழை. மெத்தைக்குள் விதையை விடுகிறவளை ஊர் என்ன சொல்லும் என்று அன்று மாலை வரை அவர் யாரோடும் பேசவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சியது. யூ சுரத்மி கணவரிடம் சொன்னது சுவர் வழியாக என் காதில் விழுந்தது.

"அந்தப் பாடகி நம்ம வீட்டுக்கு வந்து பாடினதில்ல காங். அவ குரல் நெசத்துல எப்படின்னு எனக்கென்ன தெரியும்? பெட்டி சரியாச் சொல்லுதா, பொய் சொல்லுதான்னு நான் எதை வெச்சுப் பாக்குறது?"

பதில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே பாக் குஸ்னாதி வீடு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதியில் வரிப்புறாக்களின் கூவல் போட்டி எங்கே நடந்தாலும் அவர்தான் நடுவர். கம்பங்களின் உச்சியில் கூண்டுகள் கூவிக்கொண்டிருக்க, கீழே கண்ணை மூடி நின்று கேட்டு, பிடித்த குரலுக்குக் கம்பத்தில் கொடி குத்துவார். அவருடைய சொந்தப் புறாவின் பெயர் லிந்தாங், நட்சத்திரம் என்று பொருள். காலையில் கூண்டைக் கயிறு இழுத்துக் கம்பத்தின் உச்சிக்கு ஏற்றுவார். வெயில் பட்டதும் அது கூவும். சந்தில் அரிசி களைகிறவர்கள்கூட ஒரு நொடி கையை நிறுத்துவார்கள்.

யூ சுரத்மி ஒரு சின்ன ரெக்கார்டரைச் சுவர்மேல் வைத்து அந்தக் குரலைப் பிடித்தார். அதன்பிறகு தினமும் அதே வேலை. கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியில் லிந்தாங். பிறகு ஜன்னலைத் திறந்தால் கம்பத்தில் லிந்தாங். இரண்டுக்கும் நடுவே ஒரு கைப்பிடிப் பஞ்சு, ஒரு தேக்குத் துண்டு, பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னே நகர்த்துவது, அடியில் செங்கல் கொடுப்பது. அசல் சுவருக்கு அப்பால் இருக்கும்போது பிரதிக்குத் தப்பிக்க வழியே இல்லை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில்காலமும் இப்படிப் போயின. பாக் குஸ்னாதிக்கு இது எதுவும் தெரியாது.

ஒருநாள் கூண்டின் அடித்தட்டைக் கழுவி மாட்டிய பிறகு லிந்தாங் பறந்துவிட்டது. தட்டைச் சரியாக மூடியதாகத்தான் பாக் குஸ்னாதிக்கு ஞாபகம். அப்படியென்றால் யாரோ திறந்திருக்க வேண்டும். அவர் கூரை கூரையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தார். கம்பம் மொட்டையாக நின்றது. ஒப்பிட அசல் இல்லாமல் யூ சுரத்மியும் தவித்தார். அந்தத் தவிப்பில்தான் ஒரு காலை கதவையும் ஜன்னலையும் திறந்துவைத்து, புறா எவ்வளவு சத்தமாகக் கூவுமோ அதே அளவு வைத்து, தன் பெட்டியை முதல்முறையாக முற்றத்தில் நின்று கேட்டார்.

அவர் மட்டுமா கேட்டார்.

பாக் குஸ்னாதி காலிக் கூண்டோடு வந்து நின்றார். பின்னாலேயே பாதிச் சந்து.

"என் லிந்தாங் உள்ள இருக்கு."

"எங்க உள்ள, பாக்?"

"உன் வீட்டுக்குள்ள. இப்பதான் கூவிச்சு. திருடி வெச்சுக்கிட்டு எங்கன்னு என்னையே கேக்குறியா?"

எப்போதும் வாயில் இருக்கும் 'நீங்க' அன்று 'நீ' ஆனதை எல்லோரும் கவனித்தோம். அப்போதுதான் யூ சுரத்மி சிரித்தார்.

"என்ன கேட்டீங்க? சரியாச் சொல்லுங்க பாக்."

"முன்குரல் இழுத்து வந்துச்சு. நடுவுல தட்டு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம. கடைசியில 'கூங்'ன்னு, கிண்ணத்துல தண்ணி ஆடுற மாதிரி. அந்தத் தண்ணி இந்தச் சோலோவுலயே என் பறவைக்கு மட்டுந்தான் இருக்கு."

"தண்ணி இருந்துச்சா? நல்லாக் கேட்டீங்களா?"

"என் காதையே சோதிக்கிறியா?"

"இல்ல, ஸ்பீக்கர் கீக்கரா இருக்கப் போவுதுன்னு..."

"ஸ்பீக்கரா! ஸ்பீக்கர்ல புறா கூவினா பானைக்குள்ள தவக்களை கத்துற மாதிரி இருக்கும். மீசை மொளைச்ச நாள்லேர்ந்து கேக்குறேன், எனக்குத் தெரியாதா? இது உசுரு உள்ள தொண்டை!"

பனிஜோ கையில் டீத் தம்ளரோடு தவித்துக்கொண்டிருந்தார். "ரத்மி, சொல்லித் தொலையேன்!"

"இரு காங். அவர் பேசிட்டிருக்கார்ல." தெருத்தலைவர் பாக் ஹர்சோயோ அப்போதுதான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்து சேர்ந்தார். "தலைவரும் வந்துட்டார். அவருக்கும் கேக்கட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க பாக், அந்தத் தண்ணி இருக்கே, அதுலேர்ந்து."

பாக் குஸ்னாதி இன்னொரு தடவை சொன்னார், இன்னும் உரக்க. யூ சுரத்மி கடைசிச் சொல் வரை கேட்டுவிட்டு, "வாங்க, காட்டுறேன்" என்று திரும்பினார்.

அதே நேரம் எதிர்வீட்டுத் தையல் மெஷின் நின்றது. ஒவ்வொரு வீடாக மின்விசிறி ஓய்ந்தது. கரண்ட் போய்விட்டது.

"அது... பெட்டிதான் பாக். ஸ்பீக்கர். கரண்ட் வந்ததும் போட்டுக் காட்டுறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கரண்ட் போனா புறாவுக்கென்ன யூ? கூவச் சொல்லுங்க!"

"உள்ள வந்து தேடிப் பாருங்க," என்றார் யூ சுரத்மி.

தேடினார்கள். கட்டிலடியில், அடுப்படியில், கூரை இடுக்கில். புறா இல்லை. ஆனால் முன்னறை வாசலில் நின்ற ஒருவர் மூட்டைகளை அண்ணாந்து பார்த்து, "இந்தப் பஞ்சுக்குள்ள யானையையே ஒளிக்கலாம்" என்றார். அது போதுமாயிருந்தது. கூட்டம் கலைந்தது. கலைந்த விதம் நன்றாக இல்லை.

நண்பகலுக்கு முன் இபு மர்சோனோ வீட்டிலிருந்து போன் வந்தது. அங்கே நான்கு மெத்தைக்குப் பஞ்சு மாற்றும் வேலை பேசியிருந்தது. குரலில் தேன் வழிந்தது. எங்கள் ஊரில் மறுப்பு அப்படித்தான் வரும்.

"இப்ப வேணாம் யூ, சிரமப்படாதீங்க. மக பிரசவம் முடியட்டும், அப்புறம் சொல்லி விடுறேன்."

பனிஜோ போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ மகளுக்குப் போன மாசமே கொழந்த பொறந்தாச்சே. நாமதானே தலகாணி தெச்சுக் குடுத்தோம்."

யூ சுரத்மிக்கு வெல்லக்கட்டி கரைந்துவிட்ட முகம். ஊசியில் நூல் கோத்தார், தைக்காமல் வைத்தார்.

"மொதல் வார்த்தையிலேயே 'ஸ்பீக்கர்'னு சொல்லியிருந்தா கரண்ட் இருக்கும்போதே போட்டுக் காட்டியிருக்கலாம்ல," என்றார் பனிஜோ. திட்டும் குரல் இல்லை அது.

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

பதில் மெல்ல வந்தது. "மெத்த நல்லாருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க காங். இத யாரும் சொன்னதில்ல. இன்னும் கொஞ்சம் சொல்லட்டுமேன்னு இருந்துச்சு."

பிற்பகல் தொழுகை அழைப்பு ஒலிபெருக்கியில் வந்தபோதுதான் கரண்ட் திரும்பியது சந்துக்கே தெரிந்தது. யூ சுரத்மி அதற்குள் எழுந்து, கோடு போட்ட மெத்தைத் துணியை வாசல்நிலையில் திரையாகக் கட்டிவிட்டார். "காங், தொழுகை முடிஞ்சதும் அவரைக் கூட்டிட்டு வா. காலையில வந்தவங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வா."

பாக் குஸ்னாதி நியாயஸ்தர். கொடிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். "கேக்குறேன். கண்ண மூடிக் கேக்குறேன். பொய்க் குரல்னா கொடியத் தூக்கிப் போடுவேன், மெய்னா குத்துவேன்." முற்றத்தில், ஒரு பஞ்சு மூட்டைக்குப் பக்கத்தில், போட்டித் திடலில் நிற்பது போலவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

திரைக்குப் பின்னால் ஒரு சிறிய சொடுக்கு. பிறகு லிந்தாங்.

முன்குரல் இழுத்து வந்தது. நடுத் தட்டுகள் ஒவ்வொன்றும் தனித்தனியே, பாக்கு நறுக்குவது போல. கடைசிக் 'கூங்' காற்றில் நின்று, ஆடி, தானாகவே அடங்கியது. கூரைமேல் இருந்த ஒரு காட்டுப்புறா தலையைச் சாய்த்தது. ஒரு மொபைல் போன் அடித்தது. அதன் சொந்தக்காரர் பதறிப்போய் அதை அக்குளில் செருகிக்கொண்டார். மறுபடி லிந்தாங். மறுபடி.

பாக் குஸ்னாதி கண்ணைத் திறக்காமலே கொடிப் பெட்டிக்குள் துழாவி ஒரு கொடியை எடுத்துப் பஞ்சு மூட்டையில் குத்தினார். அவரிடம் இருந்ததிலேயே உயர்ந்த கொடி. அந்த வருடம் அதை அவர் யாருக்கும் குத்தியிருக்கவில்லை.

பிறகு கண்ணைத் திறந்து சொன்னார்: "சரி. இப்ப வெளிய கொண்டா என் பறவைய."

யூ சுரத்மி திரையைத் தூக்கினார்.

செங்கல்மேல் இரண்டு பெட்டிகள். அவற்றுக்கு நடுவிலிருந்து லிந்தாங் கூவிக்கொண்டிருந்தது. பாக் குஸ்னாதி உள்ளே போனார். பெட்டிகளுக்குப் பின்னால் பார்த்தார். மூட்டுவலிக்காரர், மெல்லக் குனிந்து, முழங்காலிட்டு, ஒரு பெட்டியின் காகிதக் கூம்பில் நடுவிரலை வைத்தார். புறாவை வாங்குகிறவர்கள் அதன் நெஞ்சில் விரல் வைத்துப் பார்ப்பார்களே, அதே போல. கூவல் வந்தது. விரல் அதிர்ந்தது.

"துடிக்குது," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை.

"உள்ள என்ன வெச்சிருக்கீங்க யூ?" 'நீங்க' திரும்பி வந்துவிட்டது.

"இலவம்பஞ்சு. கொழந்தத் தலகாணிப் பதத்துல. தேக்கு. சைக்கிள் டியூப். அப்புறம் மேல சுத்தி ஒட்டியிருக்கே கறுப்பா, அது அவரோட தொப்பி."

"என் தொப்பியா!" பனிஜோ கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "எலின்னியே! ஒரு வருஷமா எலிக்குப் பொறி வெச்சுக்கிட்டிருக்கேன்டி!"

அப்போது சிரித்தார்கள். சந்து முழுவதும் சிரித்தது. தெருத்தலைவர் தொண்டையைக் கனைத்து, யூ சுரத்மி எதையும் திருடவில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதாக அறிவித்தார்.

"அது போதாது தலைவரே," என்றார் யூ சுரத்மி. "'திருடல'ன்னு சொன்னா, 'இந்தத் தடவ திருடல'ன்னுதான் காதுல விழும். எதை எதுன்னு நெனச்சார்னு அவர் வாயால சொல்லணும். இபு மர்சோனோ வீட்டு வாசல்ல வந்து சொல்லணும்."

பாக் குஸ்னாதி எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டார். "வண்டிய எடு பனிஜோ."

மெத்தை வண்டியில் பஞ்சு மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து அவர் போனதைச் சந்தே பார்த்தது. இபு மர்சோனோ வீட்டு வாசலில், வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி அவர் சொன்னது இது: "மீசை மொளைச்ச நாள்லேர்ந்து புறா கேக்குறவன் நான். இந்தம்மா செஞ்ச பெட்டியக் கேட்டுட்டு என் சொந்தப் பறவைன்னு நெனச்சுச் சண்டைக்குப் போனேன். தப்பு என் காதுல இல்ல. பெட்டி அப்படி." மன்னிப்பா, தற்காப்பா என்று பிரித்துச் சொல்வது கடினம். இபு மர்சோனோ பிரிக்க முயலவில்லை. டீ கொடுத்தார். மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்ட செய்தியையும் அன்றைக்கே சொல்லிவிட்டார். வியாழக்கிழமை யூ சுரத்மி அந்த வீட்டு மெத்தைகளை வெயிலில் கிழித்துப் போட்டிருந்தார்.

லிந்தாங் திரும்பவில்லை. பாக் குஸ்னாதி இப்போது ஒரு குஞ்சுப் புறா வளர்க்கிறார். குரல் இன்னும் படியவில்லை. குஞ்சுகளுக்கு நல்ல குரலைத் தினமும் கேட்கவைத்துப் பழக்குவது இங்கே வழக்கம். அதற்காக ஒருநாள் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"யூ, காலையில கொஞ்ச நேரம் ஜன்னலத் திறந்து வெச்சுப் போட முடியுமா?"

"போடுறேன் பாக். ஆனா அது லிந்தாங் மாதிரி வராது. என் பெட்டி மாதிரிதான் வரும்."

"அது போதும் எனக்கு."

யூ சுரத்மிக்கு அது போதாது. அந்தக் கொடியைப் பெட்டியின் பக்கப் பலகையில் ஒட்டி வைத்திருக்கிறார். பெருமைக்கு என்று எல்லோரும் நினைக்கிறார்கள், பெருமைக்கும்தான். ஆனால் கடைசிக் 'கூங்' வரும்போது அந்தக் கொடியின் நுனி ஒரு மயிரிழை நடுங்குகிறது. பலகை இன்னும் எங்கோ கூடச்சேர்ந்து பாடுகிறது என்று அதற்கு அர்த்தம். அசல் லிந்தாங்கிடம் இருந்த தண்ணீரில் ஒரு துளி அங்கே சிந்திப் போகிறதாம். பாக் குஸ்னாதி அதைக் கவனிக்கவில்லை என்பதில் யூ சுரத்மிக்கு இன்னும் ஆச்சரியம்.

இன்று காலையும் சுவருக்கு அந்தப் பக்கம் விரல் முட்டிச் சத்தம் கேட்டது. டக். டக். டக். பிறகு ஓர் இடத்தில், மிக மெல்லியதாக, டொங்.

"காங்," என்று குரல் வந்தது, "இன்னொரு தேக்குத் துண்டு வேணும்."

"தொப்பியத் தவிர எதை வேணா எடுத்துக்கோ."